காரைக்கால் மெத்தை வீடுகளும் பங்குக் கணக்கும்

காரைக்காலின் பிரெஞ்சு வரலாறு ஒரு பேரத்தில் தொடங்குகிறது. தஞ்சை அரசுரிமைப் போட்டியில் அரியணை இழந்த மராட்டிய மன்னர் சாகுஜி, தமக்குப் பொருளும் படைக்கலமும் தந்துதவினால் காரைக்காலை விட்டுத்தருவதாக 1738இல் புதுச்சேரி ஆளுநர் துய்மாவுக்கு வாக்களித்தார். அரியணை மீண்டதும் அந்த வாக்கை மறந்தார். திருச்சியை ஆண்ட சந்தா சாகிபு தலையிட்ட பின்னரே, 1739 பிப்ரவரித் திங்களில் ஊர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. பின்னர் 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றியதும், பலமுறை கைமாறிய பின் 1817இல் பிரெஞ்சுக் கொடி மீண்டும் ஏறியதும், 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி இந்தியாவுக்கு மாறியதும், 1962 ஆகஸ்டு 16இல் அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றதும் வரலாறு படித்தோர் அறிந்தவையே.

ஊர் கைமாறிய வரலாறு நூல்களில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் வீடுகள் கைமாறுகின்ற வரலாற்றை எழுதுவார் இலர். அரசலாற்றங்கரையில், சுமார் 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள இச்சிறு நிலப்பகுதியில், நம் முன்னோர் கட்டிய பழைய மெத்தை வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விற்பனைக்கு வருகின்றன. விற்பவர் யாரும் கல்நெஞ்சர் அல்லர். வாங்குபவரும் பகைவர் அல்லர். ஆயினும் விற்பனை முடிந்த சில திங்களுக்குள் அங்கே வீடு இருப்பதில்லை. வெறும் மனைதான் இருக்கிறது. ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடு கட்டிய செல்வம்

சோழமண்டலக் கரையின் மரைக்காயர் பெருமக்கள் கடல் வாணிகத்தால் வாழ்ந்தவர்கள். பிரெஞ்சுக்காரர் 1859இல் சைகோனைப் பிடித்த பிறகு, காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம்களுக்கு அங்கே ஒரு புதுவழி திறந்தது. துணிக்கடையும் நாணய மாற்றும் பிற வாணிகமுமாக அவர்கள் அந்நகரில் வேரூன்றினர். சைகோனின் நடுவே 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குரிய இடமாக நிற்கிறது. அங்கே ஈட்டிய பொருளில் ஒரு பகுதி இங்கே சுண்ணாம்பாகவும் தேக்காகவும் மாறியது.

அவ்வீடுகளின் அமைப்பு கருதத்தக்கது. புதுச்சேரியில் காஜியார் தெரு, முல்லா வீதிப் பக்கங்களில் காணும் அதே கலப்பைக் காரைக்காலிலும் காணலாம். கீழ்த்தளம் தமிழ் வீடு: தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், முற்றம், முற்றத்தைச் சுற்றிய கூடம், பின்னே அடுப்படியும் கொல்லையும். மேல்தளம் பிரெஞ்சு நாட்டுச் சாயல்: வளைவுச் சாளரங்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், சுதை வேலைப்பாடு. ஆடவர் விருந்தினரை வரவேற்கும் முன்கட்டும், பெண்டிர் புழங்கும் உள்கட்டும் தனித்தனி. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு, உள்ளே இஸ்லாமிய இல்லற ஒழுங்கு என மூன்றும் ஒரே கூரையின் கீழ்ப் பொருந்தியிருக்கின்றன.

கட்டிய முறையிலும் அறிவு இருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கி, மேலே தளமிட்டனர். சாந்தில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் இந்த இயல்பு மிக இன்றியமையாதது. பழுதுபார்ப்பதாக எண்ணிப் பழைய சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை மாவாக்கி விடுகிறது. நூறாண்டு நின்ற சுவர் பத்தாண்டில் உதிர்ந்தால் குறை பழமையில் இல்லை, பூச்சில் இருக்கிறது.

பங்குக் கணக்கு

இவ்வீடுகள் விற்பனைக்கு வருவதன் முதற்காரணம் வறுமை அன்று, பங்கு. பிரெஞ்சு ஆட்சி தன் சட்டத் தொகுப்புகளை 1819இல் இங்கே நடைமுறைப்படுத்தியபோதும், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஆகியோரின் குடும்ப வழக்குகள் அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியுமே தீர்க்கப்படும் என உறுதியளித்திருந்தது. ஆகவே நம் வீடுகள் ஷரீஅத் முறைப்படியே வாரிசுகளைச் சேர்ந்து வந்தன. மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் உறுதியான பங்கு தந்த சட்டம் அது. பெண்ணுக்குச் சொத்தில் உரிமை இருப்பதை உலகின் பல சமுதாயங்கள் ஏற்காத காலத்தில் ஏற்ற சட்டம். அதன் நீதியில் ஐயமில்லை. ஆனால் அச்சட்டம் சொத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. பகிராமல் தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடத்தச் சொல்லவில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 3,430 சதுர அடிப் பரப்புள்ள ஒரு வீடு. கட்டியவர் இறக்கிறார். மனைவியும் இரண்டு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் இருக்கின்றனர். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற வீதம். சில ஆண்டுகளில் அன்னையும் காலமாக, வேறு வாரிசு இல்லாதபோது அவர் பங்கும் இதே வீதத்தில் பிள்ளைகளைச் சேருகிறது. இப்போது வீடு ஏழு பங்கு: மகனுக்கு ஏழில் இரண்டு, மகளுக்கு ஏழில் ஒன்று. பிரிவினை செய்யவில்லை. அந்த ஐவருக்கும் இவ்வாறே ஐந்தைந்து மக்கள். அவர்களுக்கும் அவ்வாறே எனக் கொள்வோம். பேரப்பிள்ளைகள் காலத்தில் உரிமையாளர் 25 பேர். கொள்ளுப்பேரப்பிள்ளைகள் காலத்தில் 125 பேர். மகளின் மகளின் மகளாக வந்தவருக்குரியது 343இல் ஒரு பங்கு, அதாவது 10 சதுர அடி. ஒரு தொழுகை விரிப்பை விரித்தால் அந்த இடம் ஏறக்குறைய நிறைந்துவிடும்!

அந்த 125 பேரும் ஓரூரில் இல்லை. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்ற வாய்ப்பு இருந்தது. அவ்வாறு பிரெஞ்சுக் குடிமக்களானோரின் வழித்தோன்றல்கள் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது அங்கிருந்தோர் சிதறினர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வாழ்வோர் உளர். கூரை ஒழுகினால் ஓடு மாற்ற யார் பணம் தருவது? பத்துச் சதுர அடிக்குரியவர் எதற்காகத் தளம் போடுவார்? பூட்டிய வீட்டில் ஆலஞ்செடி முளைக்கிறது. ஒருநாள் எல்லாரும் கையெழுத்திடக்கூடிய ஒரே தாள் விலைப்பத்திரமாக இருக்கிறது. பணம் பங்கிடற்கு எளிது. முற்றத்தைப் பங்கிட முடியாது.

விலை கணிக்கும் முறையும் வீட்டுக்கு எதிராகவே இருக்கிறது. மனைக்கு இடத்துக்கேற்ற மதிப்பு உண்டு. கட்டடத்துக்கோ வயது ஏற ஏறத் தேய்மானம் கழிக்கப்படுகிறது. நூறாண்டு கடந்த வீட்டின் மதிப்பு ஏட்டில் ஏறத்தாழச் சுழியம். எஞ்சுவது தேக்கு. தூணும் கதவும் நிலையும் பிரித்தெடுக்கப்பட்டுப் பழைய மரக்கடைகளுக்குச் செல்கின்றன. செட்டிநாட்டு வீடுகளுக்கு நேர்ந்ததும் இதுவே. காரைக்குடியில் பழம்பொருள் விற்பதற்கென்றே ஒரு கடைவீதி உருவாகிவிட்டது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா, இடிபடவிருந்த வீடுகள் சிலவற்றை வாங்கி, பிரித்து, மீண்டும் எழுப்பிக் காத்திருக்கிறது. நன்முயற்சிதான். ஆயினும் தெருவை விட்டுப் பிரிந்த வீடு காட்சிப்பொருளே, குடியிருப்பு அன்று.

முன்னோர் கண்ட வழிகள்

இச்சிக்கலை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் திருமணத்தின்போதே மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. மருமகன் மனைவியின் வீட்டுக்கு வருவார். வாழ்நாளிலேயே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டதால், அவ்வீடு தந்தையின் மறைவுக்குப் பின் துண்டாகவில்லை. உரிமையும் பராமரிக்கும் கடமையும் ஒரே கையில் இருந்தன. எல்லா மக்களிடமும் நேர்மை காட்டிச் செய்யும்போது இதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை.

இரண்டாவது வழி ‘ஷுஃப்ஆ’ எனும் முன்வாங்கும் உரிமை. பங்கு பிரியாத சொத்தில் ஒருவர் தம் பங்கை அந்நியருக்கு விற்றால், அதே விலைக்கு அதை வாங்கும் முதல் உரிமை கூட்டுப் பங்காளிக்கு உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. இவ்வுரிமை கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே என்பது நம் கரையோர மக்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் கருத்து. ஹனஃபி அறிஞர்கள் அண்டை வீட்டாருக்கும் அதை விரித்தனர். செய்தி கேட்டவுடன் தாமதமின்றிக் கோரவேண்டும் என்பதும் அவர்கள் விதித்த நிபந்தனை. சென்னை உயர்நீதிமன்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வுரிமையைப் பொதுச்சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. எனினும் 1893ஆம் ஆண்டின் இந்தியப் பிரிவினைச் சட்டத்தின் நான்காம் பிரிவில் இதன் சாயல் உண்டு: பிரிவினையாகாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அந்நியர் பிரிவினை கேட்டு வழக்கிட்டால், குடும்பத்தார் அப்பங்கை நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். நீதிமன்றம் வற்புறுத்தாவிடினும், உறவினரிடம் முதலில் கேட்பதை யார் தடுத்தார்?

பிற நாடுகளின் படிப்பினை

விற்பனையே வீட்டின் இறுதி எனக் கருதவேண்டியதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கட்டடக்கலை மேதை மீஸ் வான் டெர் ரோஹே 1951இல் கட்டி முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு என்பது ஒரே அறையாலான கண்ணாடி வீடு. அது 2003 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது, வாங்குபவர் கழற்றி வேறிடம் கொண்டுபோய்விடுவாரோ என அஞ்சிய மரபுக்காப்பு அமைப்புகள் பொருள் திரட்டி 75 இலட்சம் டாலருக்கு அதை வாங்கிக் காத்தன. அந்த வீட்டின் மதிப்பை நாடு அறிந்திருந்தது. அதனால் விலை கொடுக்க ஆள் இருந்தது.

நமக்கு இன்னும் அணுக்கமானது சிங்கப்பூர். நாகூர் தர்காவின் பெயரால் 1830ஐ ஒட்டி நம்மவர் எழுப்பிய கட்டடம் அங்கே 1974இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 1989இல் கம்போங் கிளாம், சைனா டவுன், லிட்டில் இந்தியா உள்ளிட்ட பகுதிகளின் பழைய கடைவீடுகளைக் காக்கும் ஆணை பிறந்தது. இன்று அங்கே காக்கப்படும் கட்டடங்கள் 7,000க்கும் மேல். அவை விற்கவும் வாங்கவும் படுகின்றன. முகப்பையும் அமைப்பையும் சிதைக்கக்கூடாது என்ற விதி விற்பனைக்கு முன்பே இருப்பதால், பழமை அங்கே தேய்மானமாகக் கழிக்கப்படுவதில்லை, விலையில் கூட்டப்படுகிறது.

புதுச்சேரியிலும் ஒரு நற்சான்று உண்டு. இன்டாக் அமைப்பின் முயற்சியால் வைசியாள் வீதியின் பழைய முகப்புகள் செப்பனிடப்பட்டன. அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. உடைமையாளர் வீட்டிலேயே இருக்க, தெரு உயிர்த்தெழுந்தது. நம் நாட்டின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் நாட்டளவில் சிறப்புடைய சின்னங்களுக்கே உரியது. குடும்ப வீட்டைத் தேடி அது வராது. ஆதலின் முதற்பொறுப்பு குடும்பத்தாருடையதே.

பத்திரம் எழுதுமுன்

விற்கவேண்டிய நிலை வந்தால் விற்பது குற்றமன்று. ஆனால் அதற்குமுன் செய்யத்தக்கவை சில. முதலில், உயிரோடிருக்கும் பெரியவர் காலத்திலேயே பங்குகளை எழுத்தில் தீர்த்து, வீட்டை ஓரிருவர் கையில் ஒப்படைத்து, மற்றவருக்கு உரிய பணத்தைத் தவணையிலேனும் கொடுத்துவிடலாம். அது இயலாவிடில், உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் முதலில் அறிவிக்கலாம். அந்நியருக்கே விற்பதாயினும், வீட்டை வீடாகவே வைத்துக்கொள்ளும் ஒருவருக்குச் சிறிது விலை குறைத்துக் கொடுப்பதும் ஒரு தருமமே. எதுவும் கைகூடாவிட்டால், இடிக்குமுன் வீட்டை அளந்து வரைபடம் எழுதி, ஒவ்வொரு கட்டையும் படமெடுத்து வைக்கலாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது பழைய தாள்கள். பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் எழுதிய பத்திரங்களும், எத்தா சிவில் பதிவு நகல்களும், கப்பல் சீட்டுகளும் பல வீடுகளில் தகரப்பெட்டிகளில் கிடக்கின்றன. பிரெஞ்சு படிக்கத் தெரிந்த முதியவர்கள் நாளுக்கு நாள் குறைகின்றனர். மரக்கடைக்காரருக்கு அப்பெட்டியால் பயனில்லை. சைகோனுக்கு யார் போனார், எந்தப் பெண் எந்த வீட்டுக்கு உரியவரானார், எந்தப் பள்ளிவாசலுக்கு யார் நிலம் விட்டார் என்ற செய்திகளில் பல அத்தாள்களில் மட்டுமே உள்ளன. காரைக்கால் முஸ்லிம்களின் வரலாற்றை எழுத முற்படும் நாளைய மாணவனுக்கு அவையே மூலம்.

விலைப்பத்திரத்தில் சக்குபந்தி எழுதுவர்: கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்ன வீதி என நான்கெல்லையும் பிழையின்றிக் குறிப்பர். அந்நான்கெல்லைக்குள் யார் வாழ்ந்தார், என்ன கட்டினார் என்பதை எழுதப் பத்திரத்தில் இடமில்லை. அதைக் குடும்பத்தார்தாம் எழுதிவைக்கவேண்டும். இவ்விதழைப் படிக்கும் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் அன்பர்கள் தம் வீட்டுப் பெட்டியை இந்த வாரமே ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.