இழையமும் வரலாற்றுச் சான்றே: குருநகரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ஈழத்து மருத்துவ வரலாறு பெரும்பாலும் மிஷன்களின் வரலாறாகவும் மருத்துவர்களின் வாழ்க்கை வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் உடல் அதில் இடம்பெறுவது அரிது. அவ்வுடலினின்று வெட்டியெடுக்கப்பட்டு, சாயமூட்டப்பட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்படும் சிறு இழையத் துண்டோ வரலாற்றாசிரியரின் கவனத்திற்கு வருவதேயில்லை. புற்றுநோய் இழையத்தைப் படிமமாக்கும் ஆய்வுகூடத் தொழிலைச் சமூக வரலாற்றுப் பொருளாகக் கொள்வதும், அதனைக் குருநகர் போன்றதோர் உழைக்கும் மக்களின் ஊரில் நின்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னர் கரையூர் என வழங்கிய குருநகர், யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில், கடற்றொழிலை ஆதாரமாகக் கொண்ட, கத்தோலிக்க மக்கள் மிகுதியாக வாழும் பகுதியாகும். 1986 யூன் 10 இல் மண்டைதீவுக் கடலில் அவ்வூர் மீனவர் கொல்லப்பட்டமையும், 1993 நவம்பர் 13 இல் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு வீசப்பட்டமையும் அதன் நினைவில் அழியாது பதிந்துள்ளன. அவை பதியப்படவேண்டியவையே. ஆயின் கன்னத்தின் உட்புறத்தே வெண்படலமாகத் தொடங்கி, ஆறாப் புண்ணாகி, ஈற்றில் உணவும் பேச்சும் மறுக்கப்பட்டு நிகழும் மரணத்திற்கு நினைவுச் சின்னமும் இல்லை, நினைவு நாளும் இல்லை. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னிற்பது என்பதை எண்ணுமிடத்து, இம்மௌனம் தற்செயலானதன்று என்பது புலனாகும்.

ஆய்வுகூடத்தில் நிகழ்வது யாது? அறுவையில் எடுக்கப்பட்ட இழையம் முதலிற் போமலினில் இடப்பட்டு அழுகாது நிலைநிறுத்தப்படுகிறது. பின்னர் அற்ககோலினால் அதன் நீர் நீக்கப்பட்டு, பரபின் மெழுகிற் பதிக்கப்படுகிறது. அம்மெழுகுக் கட்டி ஏறத்தாழ 4 அல்லது 5 மைக்கிரோன் தடிப்புள்ள சீவல்களாக வெட்டப்படுகிறது. மத்திய அமெரிக்க மரமொன்றின் வயிரத்தினின்று பெறப்படும் ஏமற்றொட்சிலின் கலக்கருவை நீலமாக்கும். தொகுப்புச் சாயமாகிய இயோசின் எஞ்சிய பகுதியை இளஞ்சிவப்பாக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இம்முறையே இன்றும் நோயியலின் அடித்தளம். மேலணியின் அடிமென்சவ்வைக் கலங்கள் உடைத்து உட்புகுந்தனவா இல்லையா என்பதே அங்கு விடைகாணப்படும் வினா. அவ்விடையைத் தருபவர் நோயியலாளர். ஆனால் சீவல் மடிந்தாலும் சாயம் பிழைத்தாலும் விடையும் பிழைக்கும். ஆகவே அறிக்கையில் பெயர் இடம்பெறாத ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரின் கைத்திறனே அறிவின் முதற்படி எனல் மிகையன்று.

இவ்வறிவு தோன்றிய காலத்தையும் நோக்குதல் வேண்டும். நோயின் இருப்பிடம் கலமே என்பதை ருடொல்ப் விர்ஷோ 1858 இல் பேர்லினில் நிகழ்த்திய விரிவுரைகளில் நிறுவினார். அவரே அதற்குப் பத்தாண்டு முன்னர், 1848 இல், மேற்சைலீசியாவிற் பரவிய தைபசுக் காய்ச்சலுக்கு வறுமையும் கல்வியின்மையும் அரசியல் உரிமையின்மையுமே காரணமென அறிக்கையிட்டவர். கலத்தைக் கண்ட அதே கண் சமூகத்தையும் கண்டது. பிற்கால மருத்துவம் அவரிடமிருந்து முதலாவதைப் பெரிதும் ஏற்று, இரண்டாவதைப் பெரிதும் மறந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் ஒரு முயற்சி நடைபெற்றது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை நிலையமாகக் கொண்டு தமிழில் மருத்துவம் கற்பித்தார். 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலைத் தமிழிற் கொணர்ந்தார். 1873 இல் அவர் தாயகம் திரும்பியபின் அம்முயற்சி நிலைபெறவில்லை. 1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தோன்றியபோது கல்விமொழி ஆங்கிலமாகவே இருந்தது. தன் கன்னத்து இழையம்பற்றிய தீர்ப்பைக் கையில் வைத்திருந்தும் அதனை வாசிக்க இயலாத கடற்றொழிலாளியின் நிலை இவ்வரலாற்றின் விளைவேயாகும்.

இனி நோயின் காரணத்திற்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலையின் தலையாய சந்தை திருவாங்கூராகும். அவ்வரசு அக்காலத்திற் பல ஆண்டுகள் புகையிலை வாணிபத்தைத் தன் ஏகபோக உரிமையாக வைத்திருந்தது. குடாநாட்டு விவசாயியின் உழைப்பு இருபுறத்தும் வரியாயிற்று. அத்திருவாங்கூரின் நெய்யூரில் அமைந்த லண்டன் மிஷன் மருத்துவமனையிலிருந்து 1908 இல் பென்ரல் என்பார் 1,700 புற்றுநோயாளரைப்பற்றிய தொகுப்பொன்றை வெளியிட்டார். 1933 இல் அங்கிருந்தே ஓர் என்பார் வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றுப்பற்றி 'லான்செற்' இதழில் எழுதினார். புகையிலை வரலாற்றை வாணிபத்தின் வரலாறாகவும், நெய்யூர்ப் பதிவேட்டை மருத்துவத்தின் வரலாறாகவும் வேறுவேறாக வாசித்தல் எமது வழக்கம். ஏற்றுமதிக் கணக்கேட்டின் மறுபக்கம் நோயாளியின் கன்னத்தில் எழுதப்பட்டிருக்கலாம் என்னும் எண்ணத்துடன் இரண்டையும் ஒருசேர வாசித்தல் இன்றியமையாதது.

இழையத்தினூடாகச் சமூக வழக்கங்களைக் காணும் மரபை எமது பிராந்தியத்தில் வளர்த்தவருள் பம்பாயின் நோயியலாளர் வி. ஆர். கானொல்கர் முதன்மையானவர். இந்தியரின் பழக்கவழக்கங்களோடு தொடர்புடைய புற்றுநோய் வகைகளை அவரும் சூர்யாபாயும் 1945 இல் விவரித்தனர். இலங்கை நிலையில் டபிள்யூ. பாலேந்திரா, வெற்றிலை மெல்லுதல் வாயிழையங்களிற் செய்யும் மாற்றங்களையும் கன்னப்புற்றோடு அதற்கிருக்கக்கூடிய தொடர்பையும் 1949 இல் ஆராய்ந்து வெளியிட்டார். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு மனிதரிற் புற்றுநோயை உண்டாக்குவது என 1985 இலும், புகையிலை சேராத கூட்டும் பாக்குமே அத்தகையன என 2004 இல் வெளியான தொகுதியிலும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் முடிவுசெய்தது.

ஆயினும் 'பழக்கம்' என்ற சொல்லோடு விளக்கம் முற்றுப்பெற்றதாகக் கொள்வது தவறு. இரவுக் கடலில் விழித்திருக்கவும், குளிரையும் பசியையும் மறக்கவும் தொழிலாளி மெல்லும் வெற்றிலையும் புகையிலையும் அவன் தொழிற் கருவிகளோடு சேர்த்தெண்ணத்தக்கவை. அவனைக் குறைகூறும் சுவரொட்டி அச்சிடுவது எளிது. அவன் வேலை நேரத்தையும், கடனையும், ஒருநாள் தொழிலை விட்டு வைத்தியசாலைக்குச் சென்றால் ஏற்படும் இழப்பையும் கேள்விக்குட்படுத்துவது கடினம். அதனாலன்றோ வெண்படலமாயிருக்கையில் வரவேண்டிய இழையம், பல வேளைகளில் முற்றிய புற்றாகிய பின்னரே ஆய்வுகூடத்தை அடைகிறது. 1990 இலிருந்து பல்லாண்டுகள் மின்சாரமும் தடையற்ற பொருள் வழங்கலும் இன்றிக் குடாநாடு வாடியதும் இத்தாமதத்தின் வரலாற்றுப் பகுதியே. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சை வசதி உருவானமை, அத்தேவை எத்துணை காலம் நிறைவேறாதிருந்தது என்பதற்கும் சான்று.

இன்று கண்ணாடித் தகடு முழுவதும் வருடப்பட்டு, நூற்றுக்கணக்கான கோடிப் படப்புள்ளிகள் கொண்ட படிமமாகிறது. கணினி அதிற் புற்றுக்கலத்தைத் தேடப் பயிற்றப்படுகிறது. 2017 இல் இத்தகைய படிமமுறையொன்றை முதனிலை நோய்நிர்ணயத்திற்கு ஐக்கிய அமெரிக்கா அனுமதித்தது. வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆனால் கணினி தான் கண்டவற்றிலிருந்தே கற்கிறது. 2006 இல் அமெரிக்காவில் தொடங்கி, 11,000 இற்கு மேற்பட்ட நோயாளரின் இழையங்களைத் திரட்டிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். எமது பிராந்தியத்தில் மிகுதியாகக் கன்னத்தில் எழும் புற்று, மேலைநாடுகளில் நாவிலும் வாயின் அடித்தளத்திலும் மிகுதி. சாயத்தின் நிறம் ஆய்வுகூடத்திற்கு ஆய்வுகூடம் வேறுபடுவதும் கணினியை மயக்கும். எம்மவர் இழையம் இடம்பெறாத அறிவு எம்மவர்க்குத் தீர்ப்பு வழங்குமாயின், அது புதியதோர் ஏகபோகமேயாம்.

ஆகவே செய்யவேண்டியன தெளிவு. மெழுகுக் கட்டிகள் பல பத்தாண்டுகள் பயன்தரவல்லவை. அவற்றை ஆவணங்களெனப் பேணுதல் வேண்டும். நோயாளியின் சம்மதத்துடனும் பெயர் மறைத்தும், தொழிலும் வாழிடமும் அவற்றோடு பதியப்படல் வேண்டும். அறிக்கையின் பொருள் நோயாளிக்குத் தமிழிற் கூறப்படல் வேண்டும். கிறீன் தொடங்கி இடையறுந்த பணி அதுவே. ஐந்து மைக்கிரோன் தடிப்புள்ள சீவலொன்றில் ஒரு கலத்தின் பிறழ்வு மட்டுமன்றி, ஓர் ஊரின் உழைப்பும் ஒரு வாணிபத்தின் இலாபமும் பதிந்துள்ளன. நோயியலாளரும் வரலாற்றாசிரியரும் ஒரே நுணுக்குக்காட்டியருகே அமரும் நாளிலேயே அதனை முழுமையாக வாசித்தல் கைகூடும் என்பது எமது துணிபு.