சித்திரச் சாட்சியமும் சயாம் மரண ரயில் பாதையும்

போர்க்காலத்தில் குடிமக்கள்மீது நிகழ்த்தப்பட்டுப் பின் மறக்கப்பட்ட கொடுமைகளை வரைகதை வடிவில் புலனாய்ந்து எழுதும் முறைக்கு ஜோ சாக்கோவின் 'காசாவின் அடிக்குறிப்புகள்' (2009) முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. 1956 நவம்பரில் கான் யூனிஸ், ரஃபா ஆகிய இடங்களில் பாலஸ்தீனக் குடிமக்கள் கொல்லப்பட்டமை ஐ.நா. அறிக்கையில் சில வரிகளாகவே எஞ்சியிருந்தது. அந்நிகழ்வை அரை நூற்றாண்டுக்குப்பின் முதியோர் வாய்மொழியிலிருந்து சாக்கோ மீட்டெடுத்தார். சாட்சிகள் முரண்படும் இடங்களை அவர் மறைப்பதில்லை. ஒவ்வொருவர் கண்டதையும் தனித்தனியே வரைந்துகாட்டுகிறார். வரலாற்று மாணவருக்கு அந்நூலின் முதன்மையான பயன் இதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

தமிழர் வரலாற்றில் இம்முறையை வேண்டிநிற்கும் நிகழ்வு சயாம்–பர்மா ரயில் பாதை. தாய்லாந்தையும் பர்மாவின் தான்பியூசயாட்டையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கி.மீ. பாதையை ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17இல் இணைத்து முடித்தது. ஏறக்குறைய 60,000 போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடப்படுகின்றனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ரப்பர் ஏற்றுமதி நின்று வேலையிழந்தோர் சிலர் கூலி வாக்குறுதியை நம்பிச் சென்றனர். பலர் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டனர்.

கைதிகளின் இறப்பைத் துல்லியமாகவும் தொழிலாளரின் இறப்பை மதிப்பீடாகவும் கூற நேர்வது தற்செயலன்று. படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. முகாமில் அதனைக் காக்க அதிகாரிகளும் இருந்தனர். போருக்குப்பின் காஞ்சனபுரியிலும் தான்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. கூலிக்கு அத்தகைய பட்டியலும் இல்லை, கல்லறையும் இல்லை.

படச் சான்றுகளிலும் இதே நிலைதான். ரொனால்டு சியர்ல், ஜாக் சாக்கர் போன்ற கைதி ஓவியர்கள் உயிரைப் பணயம் வைத்து வரைந்தனர். காலரா நோயாளரின் படுக்கைக்கடியில் சியர்ல் தம் படங்களை ஒளித்துவைத்தார் என்பது அறியப்பட்ட செய்தி. தமிழர் தம்மைத் தாமே வரைந்த அத்தகைய தொகுப்பு ஏதும் நமக்கு வாய்க்கவில்லை. 1943இல் கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட கைதி மருத்துவக் குழுவினரின் பதிவுகளே நேர்க்காட்சிக்கு உதவுகின்றன. அவையும் அயலார் நோக்கு. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படமோ இக்கதையைக் கைதிகளுக்கு மட்டுமே உரியதாக்கிவிட்டது. அதன் படப்பிடிப்பு, மலையகத் தமிழர் வாழும் இலங்கையில் நடைபெற்றது என்பது கசப்பான முரண். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பின. எனினும் நாவலில் எது கேட்டது, எது புனைந்தது என்பதைப் பிரித்தறிதல் அரிது.

ஈழப்போரின் இறுதிக்கட்டத்தைக் கூறும் 'வன்னி' (2019) வேறொரு வழியைக் காட்டுகிறது. வன்னியில் ஐ.நா. பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்சே பொல்லாக் வரைந்த இந்நூல், தப்பியோரின் வாக்குமூலங்களை ஒரு புனைவுக் குடும்பத்தின் கதையாக இணைக்கிறது. உயிரோடிருக்கும் சாட்சிகளைக் காக்க இது தேவை. ஆயினும் பல குரல்கள் ஒன்றாகும்போது அவற்றிடையே உள்ள முரண் மறைந்துவிடுகிறது. மரண ரயில் ஆய்வுக்கு அம்முரண் இன்றியமையாதது. நோயுற்றோர் உயிருடன் இருக்கும்போதே குடிசையோடு எரிக்கப்பட்டனர் என்னும் கூற்று பிழைத்தோர் நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. கண்டவர் யார், கேட்டவர் யார், எவ்வளவு தொலைவில் நின்றனர் என்பவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் நிறுத்திக்காட்ட வரைகதையால் இயலும். ஓடும் உரைநடையில் இவ்வேறுபாடு எளிதில் கரைந்துவிடும்.

பிழைத்தோர் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆகவே களப்பணி மலேசியாவோடு நில்லாமல் இக்கரைக்கும் வர வேண்டும். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரங்களிலிருந்து மலாயா சென்றவர்களின் குடும்பங்களுக்கு 1942க்குப்பின் கடிதமும் பணமும் வரவில்லை. போருக்குப்பின்னும் அவை வராத வீடுகள் எவை என்பதை இலுப்பூர் போன்ற ஊர்களில் தெருத்தெருவாகக் கேட்டுப் பதிவுசெய்வதே முதற்பணி.