காப்பகத்தின் படியேற முடியாதவர்கள் எங்கே போவது?

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வருபவருக்கு முதலில் தேவை, பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம். ஆனால், சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணுக்கு வாசலில் மூன்று படிகள் இருந்தாலே அந்தக் காப்பகம் மூடிய கதவுதான்.

ஜொகூரின் தோட்டப்புறங்களில் சிக்கல் இன்னும் பெரிது. நகரம் தொலைவு, பேருந்து அரிது. அடிப்பவரே கார் ஓட்டுபவராகவும் மருந்து கொடுப்பவராகவும் இருந்தால், உதவி கேட்பதே கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் (சட்டம் 521) கணவன், மனைவி, பிள்ளைகளை மட்டும் காப்பதல்ல. உடல் அல்லது மனக் குறைபாடு, நோய், முதுமை ஆகியவற்றால் இயலாத நிலையில் குடும்பத்தோடு வாழும் பெரியவர்களையும் அது காக்கிறது. பாதிக்கப்பட்டவரைக் காப்பகத்திற்கோ மருத்துவமனைக்கோ கொண்டு சேர்க்க உதவுவது போலீஸ், சமூகநல அதிகாரிகளின் கடமை.

2017 திருத்தத்தின்படி, அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரி 7 நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு வழங்கலாம். வன்முறை செய்தவரை வீட்டிலிருந்து விலக்கி வைக்க நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவில் ஆணையிடலாம். குளியலறையைத் தமக்கேற்ப மாற்றி அமைத்திருக்கும் ஒருவருக்கு, காப்பகம் போவதைவிடச் சொந்த வீட்டிலேயே இருப்பது சில வேளைகளில் நல்லது. இதையும் கேட்கலாம்.

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) பொதுக் கட்டடங்களையும் சேவைகளையும் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. மலேசிய சைகை மொழியையும் அங்கீகரிக்கிறது. ஆனால், மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு அதில் இல்லாதது பெரும் குறை.

காப்பகத்தில் என்ன வேண்டும்?

* சாய்வுப் பாதை, அகலமான கதவு, கைப்பிடியுள்ள கழிப்பறை.
* காது கேளாதோருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர், விளக்கு எரிந்து எச்சரிக்கும் அலாரம்.
* பார்வையற்றோருக்கு முதல் நாளே அறைகளைச் சுற்றிக் காட்டும் ஊழியர்.
* குளிக்க, உடுத்த உதவும் பெண் பராமரிப்பாளர்.
* குறைபாடுள்ள பிள்ளையைத் தாயோடு சேர்த்தே தங்க வைக்கும் ஏற்பாடு.

இவை எல்லாவற்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை. ஒரு மரச் சாய்வுப் பலகையும் தரைத்தளத்தில் ஓர் அறையும் நல்ல தொடக்கம்.

உதவி பெறுவது எப்படி?

தாலியான் காசே 15999 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். பேச இயலாதோர் 019-2615999 எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பலாம். காயம்பட்டவர்கள் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை, போலீஸ் புகார், ஆலோசனை ஆகியவற்றை ஒரே இடத்தில் ஏற்பாடு செய்யும் முறை உள்ளது.

அழைக்கும்போதே குறைபாட்டையும் தேவையான உதவியையும் சொல்லிவிடுங்கள். பொருத்தமான இடம் தேட அது உதவும். அடையாள அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை, மருந்து, ஊன்றுகோல், காதுக்கருவி ஆகியவற்றை ஒரே பையில் தயாராக வைத்திருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொல்பவருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 'அது அவர்கள் வீட்டு விஷயம்' என்று ஒதுங்கினால், தாமாக வெளியே வர முடியாதவருக்கு வேறு வழி இருக்காது.