காய் அடுக்கின கதை



தடைக்காலம் வந்து விசைப்படகுகள் கரையில் நின்றால் வாலிநோக்கத்தில் கேரம் போர்டுகள் வெளியே வரும். தோற்றவர் அடுக்குவார், ஜெயித்தவர் உடைப்பார். நான் பார்த்த வழக்கம் அது. தோற்றவர் சும்மா இருப்பாரா? ரெட்டை ஒட்டிய காயை மயிரிழை விலக்கி வைப்பார். அடி விழும், கூட்டம் சிதறாது.

1988-இல் சென்னையில் சர்வதேச கேரம் கூட்டமைப்பு உருவானது. சட்டப்படி நடுவில் ரெட், சுற்றி 6 காய், அதைச் சுற்றி 12. வெள்ளைக் காய்கள் 'ஒய்' எழுத்துப்போல நிற்கும், உடைப்பவருக்கே வெள்ளை. சென்னைக்காரர் மரிய இருதயம் 1991, 1995 இரண்டிலும் உலகச் சாம்பியன். (நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்காரர் பெயர்தான் தெரியும்.)

பள்ளிப் போட்டி ஒன்றில் நான் நடுவர். இடைவெளி விட்டான் என்று எட்டாம் வகுப்புப் பையனை எழுப்பி அனுப்பிவிட்டேன். "தொட்டுத்தான் சார் வச்சேன்" என்றான். மறுநாள் நானே அடுக்கிப் பார்த்தேன். ஒட்டி வைத்த காய் தானாக நழுவியது. உப்புக்காற்றில் போர்டு வளைந்திருந்தது. அவனிடம் சொல்லவே இல்லை.

இதைப் படிப்பவர்களில் அவனும் உண்டு. தம்பி, நீ தொட்டுத்தான் வைத்திருந்தாய்.