எந்தத் துவக்கு? பணிக்கரின் கயிற்றிலிருந்து வயலோரக் கட்டுத்துவக்கு வரை



வயல் காவலுக்குப் போகிறவர்கள் கூடுகிற இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும். "இந்த இடியன் துவக்கு யானைக்குக் காணாது, பெரிசா ஒண்டு வேணும்." இதே கேள்வியை நூற்றெண்பது வருடங்களுக்கு முன்னர் வெள்ளைக்காரர்கள் இதே காடுகளில் நின்று கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடையும், அதற்கு நமது காடு கொடுத்த விலையும் பாடப்புத்தகத்தில் இல்லை. நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

துவக்கு வருவதற்கு முன்னர் இங்கே கயிறு இருந்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட நூலில் பணிக்கர்மாரைப் பற்றி எழுதியிருக்கிறார். வடக்கு, வடகிழக்குக் கரைகளின் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த நமது மூதாதையர்கள்தான் அவர்கள். ஏறாவூரில் இன்றும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. மான்தோலில் அல்லது எருமைத்தோலில் திரித்த ஒரு கயிறு, இரண்டு ஆட்கள், அவ்வளவுதான். யானையின் பின்னால் சத்தமில்லாமல் போய்ப் பின்னங்காலில் சுருக்கைப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். பிடிபட்ட யானைகள் பழக்கப்பட்டுத் தென்னிந்திய அரசர்களுக்கு விலைபோயின. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, காது எப்படி அசைகிறது என்று யானையைப் படித்தவர்கள் அவர்கள். படிக்காதவனுக்கு அந்தத் தொழிலில் உயிர் மிஞ்சாது.

பிறகு துவக்குகள் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்களில் மிகப் பிரபலமானவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய் 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர். அதற்கு முன்னர் அவர் வேட்டை பழகியது இலங்கையில்தான்.

கந்தளாயிலிருந்து ஹபரணை வழியாகப் போனால் வரும் மின்னேரியாக் குளக்கரையில், ஆரம்ப நாட்களில் அவர் ஒரு காட்டெருமையிடம் மாட்டிக்கொண்டார். அன்று கையில் இருந்தது இலேசான இரட்டைக்குழல் துவக்கு. சன்னங்கள் தீர்ந்துவிட்டன, எருமை முன்னால் நிற்கிறது. பையில் இருந்த மூன்று ஷில்லிங் சில்லறைக் காசைத் துணியில் சுருட்டிக் குழலுக்குள் இடித்து இறக்கி, இரட்டிப்பு மருந்து போட்டுச் சுட்டார். எருமை விழுந்தது, ஆனால் சாகவில்லை. பேக்கர் உயிர் தப்பினார்.

1850களில் வெளியான வேட்டை நூலில் தன்னுடைய துவக்குகளை அவரே பட்டியல் போட்டிருக்கிறார். நான்கு அவுன்ஸ் ரைபிள் ஒன்று, அதன் எடை 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் ரைபிள் ஒன்று, 16 இறாத்தல். பத்தாம் இலக்க இரட்டைக்குழல் ரைபிள்கள் நான்கு. பத்தாம் இலக்கம் என்றால், ஓர் இறாத்தல் ஈயத்தில் பத்துக் குண்டு வார்க்கலாம். ஒரு குண்டு சுமார் 45 கிராம். நான்கு அவுன்ஸ் என்பது சுமார் 113 கிராம். யுத்த காலத்தில் நாம் தினமும் பார்த்த டி-56 துவக்கின் சன்னம் சுமார் 8 கிராம்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு பெரிது? அக்காலக் கரிமருந்துக்குச் சன்னத்தை மிக வேகமாகத் தள்ளும் வலு கிடையாது. வேகத்தில் கிடைக்காததை எடையில் தேடினார்கள்.

இந்தத் துவக்குகளோடு என்ன நடந்தது? மேஜர் ரொஜர்ஸ் ஒருவரே 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று டெனன்ட் எழுதுகிறார். அரசாங்கம் யானைத் தலைக்குச் சன்மானமும் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன.

பேக்கர் இங்கே பழகிய கையோடு ஆபிரிக்கா போனார். இலங்கை யானையை நெற்றியில் சுட்டால் விழும். ஆபிரிக்க யானையின் மண்டை அமைப்பு வேறு. அதே நெற்றிச் சூடு அங்கே பலிக்கவில்லை. தோளைக் குறிவைக்கக் கற்றுக்கொண்டார். அரை இறாத்தல் சன்னம் போடும் ஒரு துவக்கும் வைத்திருந்தார். அங்கிருந்த அரபிகள் அதற்குப் "பீரங்கியின் குழந்தை" என்று பெயர் வைத்தார்கள்.

1880களில் புகையில்லா மருந்து வந்ததும் கணக்கு தலைகீழானது. மெல்லிய சன்னம், அதிக வேகம். ஆபிரிக்காவில் மான், வரிக்குதிரை சுட்டு வளர்ந்த போயர்கள், 1899இல் பிரித்தானியரோடு மூண்ட யுத்தத்தில் பிடித்திருந்தது 7 மில்லிமீற்றர் மௌசர். கிட்டத்தட்ட 11 கிராம் சன்னம். அதே அளவுத் துவக்கை வைத்துத்தான் ஸ்கொட்லாந்துக்காரர் வோல்டர் பெல் தன்னுடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவற்றைச் சுட்டார். துவக்கு விசேஷமானதல்ல. யானையின் மண்டையோட்டை நீளவாக்கில் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். பணிக்கர் எப்போதோ அறிந்திருந்த பாடம் இது: மிருகத்தை அறியாதவனுக்குத்தான் பெரிய சன்னம் தேவைப்படுகிறது.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1900 முதல் சுமார் ஐயாயிரம் போயர் கைதிகளைப் பிரித்தானியர் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். தியத்தலாவையில் பெரிய முகாம் இருந்தது. அவர்களில் ஒருவரான எங்கெல்பிரெக்ட், முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். 1908இல் யால சரணாலயத்தின் முதல் காவலர் அவர்தான். வேட்டைக்கார நாட்டில் பிறந்தவர் நமது மிருகங்களுக்குக் காவல் இருந்தார்.

இப்போது நமது வயலுக்கு வருவோம். கந்தளாய், தம்பலகாமம், மூதூர், சேருவில என்று எந்தப் பக்கம் போனாலும் யானைப் பிரச்சினைதான். இரவு முழுக்கப் பரணில் இருந்தும் விளைச்சலை இழக்கிற விவசாயியின் கோபம் நியாயமானது. நாட்டில் 2023இல் மட்டும் 470க்கும் மேற்பட்ட யானைகளும் 160க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், வயலோரத்தில் நடப்பது வேட்டையல்ல. இடியன் துவக்கின் சில்லறை ஈயமும் பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கும் யானையைக் கொல்வதைவிடக் காயப்படுத்துவதே அதிகம். மின்னேரியாவில் பேக்கர் சுட்ட சில்லறைக் காசு மாதிரி. சீழ் பிடித்த காலோடு வலியில் திரிகிற யானை யாரைக் கண்டாலும் துரத்தும். ஒருவர் சுட்ட வெடிக்கு, விடியற்காலையில் சைக்கிளில் போகும் வேறொருவர் பலியாகிறார்.

அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள், பிராணியை வதைக்காதே என்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம். காயப்படுத்தி விடுவது எந்தக் கணக்கில் சேரும்?

எந்தத் துவக்கு என்ற கேள்விக்கு நூறு வருடமாக விடை தேடியவர்கள் கடைசியில் காவலர் வேலைக்கு ஆள் வைத்தார்கள். நாம் கேட்க வேண்டியது, மின்வேலி யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அது வேலை செய்கிறதா, யானைப் பாதையில் யார் காணி பிடிக்கிறார்கள், நட்டஈடு ஏன் தாமதமாகிறது என்பவற்றைத்தான். இதைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

உங்கள் குடும்பத்தில் பணிக்கர் வழி வந்தவர்கள் இருந்தால், மூத்தவாப்பா, மூத்தம்மா சொன்ன கதைகளைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.