மாம்பழ பிஸ்கட்டும் வெள்ளைச் சர்க்கரையும்

சித்திரை விடுமுறைக்குப் பேத்தி மல்லசமுத்திரம் வந்த மூன்றாம் நாளே சமையலறை அவள் கைக்குப் போய்விட்டது. மாம்பழம், தர்பூசணி, எலுமிச்சை வடிவங்களில் பிஸ்கட் சுட்டு, அவற்றின் மேல் சர்க்கரைப் பூச்சில் வண்ணம் தீட்டுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு எண்பது பிஸ்கட் கேட்டிருந்தார்கள். அப்படியானால் பொழுதுபோக்கு என்பதைத் தாண்டிவிட்டது.

"என்னம்மா இது?" என்றேன்.

"ராயல் ஐசிங்ங்க அப்பாரு. முட்டை வெள்ளையும் பொடிச் சர்க்கரையும்தான்."

எனக்குச் சட்டென்று வேறொரு பெயர் நாக்கில் வந்தது. கிளாஸ் ருவாயால். அப்பா பஞ்சு வியாபாரமாகப் புதுச்சேரியில் இருந்த காலத்தில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிரெஞ்சில் கிளாஸ் என்றால் பனிக்கட்டியும் உண்டு, நிலைக்கண்ணாடியும் உண்டு, இந்தப் பூச்சும் உண்டு. காய்ந்த பிறகு பார்த்தால் மூன்றும் பொருந்தும். பிஸ்கட் என்பதும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டு முறை வெந்தது என்று பொருள்.

இந்தப் பூச்சின் பழைய செய்முறை ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. எலிசபெத் ராஃபால்ட் என்ற அம்மையார் 1769இல் வெளியிட்ட சமையல் நூலில், கல்யாணக் கேக்குக்கு இரண்டு பவுண்டு வெள்ளைச் சர்க்கரை, இரண்டு அவுன்ஸ் ஸ்டார்ச் மாவு, ஐந்து முட்டையின் வெள்ளை என்று கணக்குக் கொடுக்கிறார். ஈயத் தட்டில் கத்தியால் அரை மணி நேரம் அடிக்க வேண்டுமாம். பேத்தியின் மின் கடைப்பானுக்கு ஐந்து நிமிடம். 1840 பிப்ரவரியில் விக்டோரியா அரசியின் கல்யாணக் கேக் சுமார் 300 பவுண்டு எடை. அதன் மேல் இருந்த பூச்சினால்தான் ‘ராயல்’ ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முட்டை, மாவு, சர்க்கரை. மூன்றும் நம் வீட்டு வாசலில் கிடப்பவை. முட்டைக்கு நாமக்கல்லை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தினமும் காலையில் விலை அறிவிப்பதே இங்கிருந்துதான். மாவுக்குச் சேலம். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வராமல் போனபோது, 1943 வாக்கில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சர்க்கரைக்கு மோகனூர் ஆலை. கரும்புக்கோ அதைவிடப் பழைய உரிமை உண்டு: தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இம்மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. நம்மூரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்.

ஆனால் சர்க்கரை என்றதும் என் பள்ளிக்கூடத்தில் சொன்ன கதை வேறு. ஆங்கிலேயக் கப்பற்படை கடலை மறித்ததால் பிரான்சுக்குத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை வரவில்லை. நெப்போலியன் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கச் சொன்னார். பெஞ்சமின் டெலெசேர் என்பவர் அதைச் சாதித்துக் காட்டியபோது, 1812 ஜனவரியில் பேரரசர் அவருடைய ஆலைக்கே போய், தம் மார்பில் இருந்த பதக்கத்தைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினாராம். மெசியே இதைச் சொல்லும்போது அவருடைய மார்பும் நிமிரும். நாங்களும் கைதட்டினோம்.

தீவுகளின் கரும்பை வெட்டியவர் யார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோன அடிமைகள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒரேலி என்ற கப்பல் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு 1853 மே மாதம் மார்த்தினிக் தீவை அடைந்தது. 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அதே கப்பல் குவாதலூப் தீவில் ஆள் இறக்கியது. புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்றுமதித் துறைகள். 1861இல் பிரான்சும் இங்கிலாந்தும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்க்க வழி திறந்தது. குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். ரீயூனியனுக்கு இன்னும் அதிகம். அங்கே மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. பேச்சு மட்டும் மாறிவிட்டது.

நான் தினமும் நடந்து போன கடற்கரைச் சாலை அது. அந்தக் கரையிலிருந்து படகேறிப் போனவர்களைப் பற்றி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அறுபது வயதுக்கு மேல், ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில்தான் படித்தேன். அந்தப் பள்ளி கொடுத்த மொழியால்தான் அதைப் படிக்க முடிந்தது. இதற்காகப் பள்ளிக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன். பேத்தி பச்சை முட்டையை உடைத்து வெள்ளையைப் பிரித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. பல வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், அலுவலக நண்பரின் பிரிவுபசார விழாவில் முட்டைக் கிரீம் பூசிய கேக் சாப்பிட்டு எங்களில் ஒன்பது பேர் இரண்டு நாள் படுத்துவிட்டோம். ஒருவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். நம் கோடை வெயில் அதற்குத் தீனி. சின்னக் குழந்தைகள் எண்பது பேர் சாப்பிடப் போகிற பண்டம்.

"வேண்டாம் சாமி" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "யூடியூப்ல எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க" என்றாள். சாப்பாட்டு நேரம் வரை பேச்சில்லை.

வழி இருந்தது. சூடுபடுத்திக் கிருமி நீக்கிய முட்டை வெள்ளைத் தூள் விற்கிறார்கள். ஈரோட்டுப் பக்கத்து ஆலையிலிருந்தே ஜப்பான் வரைக்கும் முட்டைத் தூள் போகிறது. அவள் வரவழைத்தாள், வர நான்கு நாள் ஆனது. அதற்குள் வண்ணம் பற்றி இன்னொரு வாக்குவாதம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருந்ததென்று முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் தடை போட்டார்களே, அது துணிக்குப் போடும் சாயம். தறி ஓடுகிற ஊர்களில் சாயம் எளிதாகக் கைக்குக் கிடைக்கும். திருவிழாவில் மூங்கில் கம்பில் பொம்மையைக் கட்டிக்கொண்டு, கையில் கடிகாரம் செய்து ஒட்டுவாரே ஜவ்வு மிட்டாய்க்காரர், அந்த ரோஸ் நிறத்தில் என்ன கலந்திருந்தாரோ! பேத்தி இந்த முறை என் பேச்சுக்கு முன்பே டப்பாவைத் திருப்பி உரிம எண்ணைக் காட்டினாள். தர்பூசணிச் சிவப்புக்கு மட்டும் பீட்ரூட் சாறு. நெப்போலியன் கதையை அப்போது சொன்னேன். அவள் பாதிதான் கேட்டாள்.

பூசுகிற வேலை பார்க்கப் பார்க்கச் சுவையாக இருந்தது. கெட்டிக் கலவையை மருதாணிக் கூம்பு போன்ற தாளில் அடைத்து ஓரம் கட்டுகிறாள். பிறகு தண்ணீர் சேர்த்து இளக்கியதை உள்ளே ஓடவிடுகிறாள். கரண்டியால் கோடு கிழித்தால், பத்து எண்ணுவதற்குள் கோடு மறைந்து சமமாக வேண்டும், அதுதான் பதம். வாயகன்ற கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் நுரை எழும்பாது. காய ஒரு இரவு ஆகும். மழை வந்தால் வியர்த்துவிடும். நான் நுங்கு செய்யச் சொன்னேன். கோடைக்கு நுங்கில்லாமல் என்ன பழவகை? கருப்பு மேலுறையும் நடுவில் மூன்று வெள்ளைக் கண்ணுமாகச் செய்தாள். நன்றாகவே வந்தது.

என் மனைவி முட்டை தொட மாட்டாள். தூளானாலும் முட்டைதானே என்று தள்ளியே நின்றாள். அவளுக்காகப் பேத்தி கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி அடித்தாள். முட்டை வெள்ளையைப் போலவே நுரைத்து நின்றது! ஜொயல் ரோசல் என்ற பிரெஞ்சுப் பாடகர் 2014இல் கண்டு சொன்னது இது. நாம் தலைமுறை தலைமுறையாக ரசம் வைத்துத் தீர்த்த தண்ணீர்.

அந்தக் கிண்ணத்தையும் கூம்பையும் மனைவி வாங்கிக்கொண்டாள். அறுபது வருடமாக வாசலில் மாக்கோலம் போட்ட கை. மாம்பழத்தின் மேல் காம்பும் இலையும் இலையின் நரம்புகளும் ஒரே இழுப்பில், கை எடுக்காமல் வந்தன. பேத்தி போட்டவற்றில் கோடு அங்கங்கே நடுங்கியிருந்தது.

"அப்பத்தா, நாளைக்கு மிச்சத்தையும் நீங்களே போடுங்க."

"முட்டை இல்லாததா இருந்தாப் போடறேன்" என்றாள்.

அன்று ராத்திரி மறுபடி ஒரு படி கொண்டைக்கடலை ஊறப் போட்டோம். இரண்டு நாளைக்கு எங்கள் வீட்டில் சுண்டல்தான்.