தேர்தல் செய்தியும் ஏரிக்கரை வாக்காளரும்

செய்தியின் சார்பு அது கூறும் பொருளில் மட்டுமன்று, கூறும் தொனியிலும் உறைகின்றது. தமிழக இதழியல் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1942இல் அறிஞர் அண்ணா ‘திராவிட நாடு’ இதழையும், கலைஞர் ‘முரசொலி’யையும் தொடங்கினர். காங்கிரசுக்கு ‘நவசக்தி’ துணைநின்றது. இவற்றின் சார்பு வெளிப்படையானது. எவர் குரலைக் கேட்கிறோம் என்பதை அறிந்தே மக்கள் அவற்றைப் படித்தனர்.

1967 பொதுத்தேர்தலில் சொல்லினும் படம் வலிமை பெற்றது. அவ்வாண்டு சனவரி 12இல் துப்பாக்கியால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டுடன் தோன்றிய படம் நாடெங்கும் பரவியது. தி.மு.க. 137 இடங்களை வென்றது. அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு முதலிய காரணங்களும் அவ்வெற்றிக்கு உண்டு. 1964இல் வெளிவந்த ‘படகோட்டி’யில் எம்.ஜி.ஆர். மீனவராகவே தோன்றியிருந்தார். மீனவரின் உருவம் மக்கள் மனத்தில் ஏறிய அளவிற்கு அவர்தம் கேள்வி தேர்தல் செய்தியில் ஏறியதுண்டா?

பழவேற்காட்டுக் குப்பங்களை நோக்குவோம். ஏரிக்குத் தெற்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் வசமாயிற்று. ஏறத்தாழ 330 ஏக்கரில் அமைந்த அதனை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம் எழுந்தது. கரையரிப்பு மிகும், மீன்வளம் குன்றும் என மீனவர் அஞ்சினர். 2021 சனவரி 22இல் நடைபெறவிருந்த மக்கள் கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 6இல் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்தது. இம்மக்களின் மறுப்பை ‘வளர்ச்சிக்கு எதிர்ப்பு’ என்றும் எழுதலாம். ‘வாழ்வாதாரக் காப்பு’ என்றும் எழுதலாம். நிகழ்ச்சி ஒன்றே, தலைப்பிலேயே தீர்ப்பு அடங்கிவிடுகிறது. ‘மீனவர் வாக்கு யாருக்கு?’ என்று மட்டும் எழுதினாலோ, அவ்வச்சமே மறைந்து எண்ணிக்கை ஒன்றே எஞ்சும்.

வெளிப்படையான சார்பினும் கொடியது மறைவான சார்பு. 2009 தேர்தல்களில் விளம்பரமே செய்தியாக உருமாறி விலைபோனதை இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இல் தன் அறிக்கையில் கண்டித்தது. விலை கொடுக்க இயலாத குப்பத்திற்கு அச்சந்தையில் இடமேது?

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வலியவர் மட்டுமே வளமான நீரைத் தமதாக்கிக்கொள்ள அது இடந்தருவதில்லை. தேர்தற்காலச் செய்தித்தாளின் பத்திகளுக்கும் அத்தகையதொரு பாட்டுமுறை வேண்டும். வேட்பாளர் பேச்சுக்கு ஒரு முறை என்றால், வாக்காளர் கேள்விக்கும் ஒரு முறை வாய்க்க வேண்டும். நடுநிலை என்பது அதுவேயாம்.